இரண்டு இறக்கைத் தும்பி வீரன்

சலவைக் கடையில் கறை எடுப்பவளைத் தெருவே கறைக்காரி என்றுதான் கூப்பிட்டது, முகத்துக்கு நேராகவே. அவளுக்கு அதில் மனக்குறை கிடையாது. கல்யாணமாகி அந்தக் கடைக்குள் வந்தபோது ஒரு கைக்குட்டையைக்கூட அவளுக்கு ஒழுங்காகத் துவைக்கத் தெரியாது. இப்போது ஊரின் மறுகோடியிலிருந்து விலையுயர்ந்த கோட்டுகளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஆட்கள் அவளைத் தேடி வந்தார்கள்.

"என்ன பட்டதுன்னே தெரியலைங்க" என்பார்கள்.

அவள் கோட்டை மூக்கருகே கொண்டுபோய்விட்டு, "தெரியலையா, சொல்ல முடியலையா?" என்பாள்.

அன்றைக்குக் காலையில் அவளுக்கு எந்தக் கறையிலும் மனம் ஓடவில்லை. ஒரு வாரமாக விடாத மழை. சலவைக் கடைக்காரர்களுக்கு மழை வெளியே மட்டும் பெய்வதில்லை. பின்கட்டு முழுக்க ஓட்டல் விரிப்புகள் ஈரத்தோடு தொங்கின. நடந்தால் அவை முகத்தில் ஒட்டி, விட மனமில்லாமல் பிரிந்தன. பாய்லரை விடியற்காலையிலேயே மூட்டியும் சூடு போதவில்லை. சுவர்கள் வியர்த்தன. சாப்பிடும் ரொட்டியில்கூடச் சோப்பு வாசனை அடித்தது.

அவள் கணவன், அந்த வீட்டின் பெரியவன், காய்ந்த விரிப்புகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். சமையலறை மேஜையை எட்டிப்பார்த்தவன் நின்றான். "அவன் வர்றான்னு பிஸ்கட்டெல்லாம் வாங்கி வச்சிருக்கே போல?"

"உங்க தம்பிகூட ஒரு வெளியாளும் வர்றார். வெறும் மேஜையைக் காட்டச் சொல்றீங்களா?"

"வெறும் மேஜையே அவனுக்கு அதிகம். நின்னுட்டுப் போகட்டும்."

"உங்க தம்பி கையெழுத்துப் போட்டாத்தான் இந்தக் கடை முழுசா நம்மளுது. ஞாபகம் இருக்கா?"

"கேசட்டைக் கொடுத்தாத்தானே கையெழுத்து? கொடுக்கறேன்னு நான் எங்கே சொன்னேன்?"

அவள் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தாள். "அப்ப எதுக்கு அந்த ஆளை வரச் சொல்லிச் சம்மதிச்சீங்க?"

"விலை தெரியட்டும். எவ்வளவு பெரிய விலைன்னு அவன் காதாலயே கேக்கட்டும். அதுக்கப்புறம் முடியாதுன்னு சொன்னா, அதுல ஒரு சுகம் இருக்குல்ல?"

சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். உண்மையிலேயே சுகமாகத்தான் போனான். மழையில் விசிலடிப்பது கேட்டது.

கேசட் என்பது ஒரு வீடியோ கேம் கேசட். சாம்பல் நிறப் பிளாஸ்டிக்; உள்ளங்கைக்குள் அடங்கும். முகப்பு லேபிளில் முகமூடி போட்ட தும்பி வீரன் ஒரு நகரத்தின் கூரைகளுக்கு மேலே பறந்துகொண்டிருப்பான். அண்ணன் தம்பி இருவரும் பள்ளிக்கூடம் போன காலத்தில் அவர்களுடைய அப்பா அதை வாங்கி வந்து, "சேர்ந்து விளையாடுங்கடா" என்று நடுக்கூடத்தில் வைத்தார். சேர்ந்து விளையாடுகிற விளையாட்டு அல்ல அது. ஒரு நேரத்தில் ஒருவன்தான் தும்பி வீரனாகப் பறக்க முடியும். அவன் செத்தால்தான் அடுத்தவனுக்கு முறை. அடுத்தவன் பக்கத்தில் உட்கார்ந்து, இவன் எப்போது சாவான் என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அப்படியேதான் இருவரும் வளர்ந்தார்கள்.

அப்பா போன பிறகு கடையும் கட்டடமும் இருவர் பேரிலும் வந்தன. கேசட் மட்டும் பெரியவனின் இரும்பு அலமாரிக்குள் போனது. சின்னவன் வெளியூரில் லிஃப்ட் பழுதுபார்க்கிற கம்பெனியில் மேற்பார்வையாளன். ஒருமுறை அதைக் கேட்டான், பெரியவன் சிரித்தான். அதற்குப் பிறகு அவர்களுக்குள் பேச்சு என்பது வசவாக மட்டுமே இருந்தது. இப்போது கட்டடத்தை இடித்து வண்டிகள் நிறுத்துமிடம் கட்ட ஒருவர் கேட்கிறார். சின்னவன் விற்கலாம் என்று நின்றான். அப்புறம் எங்கோ பழைய கேம்களை வாங்கி விற்கும் கேசட்காரர் ஒருவரிடம் தும்பி வீரனைப் பற்றிப் பேச்செடுத்திருக்கிறான். அன்றைக்கே அண்ணிக்குப் போன் வந்தது. "அண்ணி, கட்டடத்துல என் பங்கை விட்டுக்கொடுத்து எழுதித் தர்றேன். அந்தக் கேசட்டை எனக்கு வாங்கிக் கொடுங்க. லேபிள்ல கிறுக்கல், கறை எதுவும் இல்லாம இருந்தா நல்ல விலைன்னு சொல்றார்."

லேபிளில் கறை இருந்தது. அவளுக்குத் தெரியும்.

பெரியவனுடைய வண்டிச் சத்தம் தெருமுனையில் மறைந்ததும் அவள் அலமாரியைத் திறந்தாள். சாவி எங்கே இருக்கிறது என்று தனக்கு மட்டும்தான் தெரியும் என்று அவன் நினைத்துக்கொண்டிருந்தான். கேசட்டை எடுத்து ஜன்னலோரம் கொண்டுவந்தாள். தும்பி வீரனின் தோளுக்கு மேலே, வெள்ளை மேகத்தில், மூன்று கறுப்புப் புள்ளிகள். வீட்டுத் துணி வாடிக்கைக்காரர் துணியோடு கலந்துவிடாமலிருக்க மாமனார் எல்லாவற்றிலும் இடும் குறி. பனியனிலும் இருக்கும், தலையணை உறையிலும் இருக்கும். இதிலும் வைத்துவிட்டார், பழக்கதோஷத்தில்.

துணிக்கு இடும் மை லேசில் போகாது. ஆனால் இது துணி இல்லை, வழவழப்பான தாள். மை மேலாகவே நின்றிருந்தது. அவள் காது குடையும் பஞ்சுக்குச்சியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, வெளியிலிருந்து உள்ளே, வெளியிலிருந்து உள்ளே என்று ஒற்றினாள். தேய்க்கவில்லை, தேய்த்தால் படமும் வரும். ஒவ்வொரு ஒற்றுக்கும் புதுக்குச்சி. மூச்சைக்கூட அடக்கி விட்டாள். கடைசிப் புள்ளி போனபோது அந்த இடம் மட்டும் மேகத்தில் லேசாக மஞ்சளடித்துத் தெரிந்தது. அதைப் பார்த்துவிட்டு அவளால் சும்மா விட முடியவில்லை. சட்டைக் காலர்களுக்குப் போடும் வெள்ளை மருந்தில் ஒரு துணியை நனைத்து, ஒட்டப் பிழிந்து, லேபிள் முழுக்க ஒரே சீராக ஒருமுறை ஒற்றியெடுத்தாள். அந்த மருந்து அழுக்கை எடுக்காது. வெளிச்சத்தில் துணியை இன்னும் வெளுப்பாகக் காட்டும், அவ்வளவுதான்.

மேகம் புத்தம்புதிதாக எழுந்து நின்றது. அவள் வேலையிலேயே அது நல்ல வேலை. கேசட்டைத் திரும்ப அலமாரியில் வைத்துப் பூட்டினாள். விலை பெரிதாக வந்தால் சின்னவன் பேனாவை எடுப்பான். அப்போது தன் கையாலேயே கேசட்டை அவனிடம் கொடுத்துவிடுவது, புருஷன் கத்தினால் கத்தட்டும் என்று முடிவு செய்திருந்தாள்.

மதியம் பெரியவன் திரும்பி வந்து இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நின்றபோது அவர்கள் வந்தார்கள். சின்னவன் குடையை உதறினான். அவனுக்குப் பின்னால் நீளக் கோட்டும் சின்னத் தோல்பையுமாகக் கேசட்காரர்.

"நல்லா இருக்கீங்களா அண்ணி?"

"இருக்கேன் தம்பி. காலைத் துடைச்சிட்டு வாங்க, விரிப்பு தரையைத் தொட்டுட்டுத் தொங்குது."

"துடைக்க மாட்டான்" என்றான் பெரியவன், சட்டையிலிருந்து கண்ணெடுக்காமல். "எதை மிதிச்சா நமக்கு வலிக்கும்னு பார்த்துத்தான் மிதிப்பான்."

சின்னவன் கேசட்காரரிடம் திரும்பினான். "வழியில சொன்னேன்ல? இவன்தான்."

"அண்ணன்னு சொல்ல வாய் வலிக்குதாடா?"

"வலிக்காது. குமட்டும்."

கேசட்காரர் தொண்டையைச் செருமினார். "டீ இருந்தாக் குடிக்கலாம்" என்றார்.

சமையலறை மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். பெரியவன் மட்டும் உட்காரவில்லை. அலமாரியிலிருந்து கேசட்டை எடுத்துவந்து, தம்பிக்கு எட்டாத ஓரமாகப் பார்த்துக் கேசட்காரர் முன்னால் வைத்தான். அதன் முகத்தைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. பார்த்தது தம்பியின் முகத்தை.

கேசட்காரர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்தார். "ரெண்டு இறக்கை" என்றார் மெதுவாக.

"அப்படின்னா?" என்றாள் கறைக்காரி.

"முதல்ல அச்சடிச்ச லேபிள்ல தும்பி வீரனுக்கு ரெண்டே இறக்கைதாம்மா போட்டாங்க. தும்பிக்கு நாலு இறக்கைன்னு யாரோ சொன்னதும் நிறுத்திட்டு மாத்தி அச்சடிச்சாங்க. நாலு இறக்கை குப்பை மாதிரிக் கிடைக்கும். ரெண்டு இறக்கையை இதுவரைக்கும் நான் கையில தொட்டதில்ல."

"கேட்டுக்கோ" என்றான் பெரியவன் தம்பியிடம்.

"எனக்கும் காது இருக்கு."

கேசட்காரர் ஒரு விசித்திரமான திருப்புளியால் ஆணியைக் கழற்றி, கேசட்டின் பிளாஸ்டிக் ஓட்டைத் திறந்தார். உள்ளே பச்சைப் பலகை. "போர்டு அசல். ஆனா நாலு இறக்கைக்குள்ளயும் இதே போர்டுதான். விலை முழுக்க லேபிள்ல இருக்கு. அதனாலயே புதுசா ரெண்டு இறக்கை லேபிள் அச்சடிச்சு ஒட்டி ஏமாத்தறவங்க நிறைய." பிறகு லேபிள் மேல் விரலை வைக்காமல் நகர்த்தினார். "ரொம்பச் சுத்தமா இருக்கே."

கறைக்காரிக்குப் பெருமையாக இருந்தது. இன்னொரு பிஸ்கட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

அவர் பையிலிருந்து ஒரு கறுப்புத் துணியையும் சின்ன டார்ச்சையும் எடுத்தார். துணியைத் தலைக்கு மேல் போர்த்தி, கேசட்டோடு அதற்குள் குனிந்துகொண்டார். மேஜையில் தலையில்லாத ஒரு கோட்டு உட்கார்ந்திருப்பதைப் போலிருந்தது. அண்ணனும் தம்பியும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பாய்லர் ஒருமுறை இருமியது.

போர்வையை எடுத்தபோது கேசட்காரரின் முகம் மாறியிருந்தது. "மன்னிச்சுக்கோங்க. இது போலி."

"என்னது?" என்று இருவரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"இது நீல டார்ச். பழைய தாள் இதுல செத்த மாதிரிக் கிடக்கும். இப்ப வர்ற தாள்ல வெள்ளையாத் தெரியறதுக்குன்னு ஒரு மருந்து கலக்கறாங்க. அது பளிச்சுன்னு நீலமா எரியும். இந்த லேபிள் விளக்கு மாதிரி எரியுது. போன வருஷம் அச்சடிச்சதா இருக்கும்."

வெள்ளையாகத் தெரிவதற்கு ஒரு மருந்து. கறைக்காரி கைகளை மேஜைக்கடியில் இழுத்துக்கொண்டாள்.

சின்னவன் நாற்காலியைத் தள்ளி எழுந்தான். "மாத்திட்டியாடா?"

பெரியவன் கேசட்டையே வெறித்தான். அவனுக்கு ஒன்றும் தெரியாது என்பது அவன் வாய் திறந்திருந்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்தது. இப்போது 'நான் இல்லை' என்பான் என்று எதிர்பார்த்தாள். ஆனால் அவன் தம்பியின் முகத்தைப் பார்த்தான். அந்த முகத்தில் இருந்த வலியைப் பார்த்தான். பார்க்கப் பார்க்க அவன் வாய் மூடி, ஒரு சிரிப்பாக விரிந்தது.

"ஆமாடா. மாத்திட்டேன்."

"திருட்டு நாயே. அசல் எங்கே?"

"பத்திரமா இருக்கு. இந்த வீட்டுக்குள்ள இல்ல. நீ சாகற வரைக்கும் தேடு."

"அப்ப இந்தக் கடையும் போச்சு. நாளைக்கே கட்டடம் கேக்கற ஆள்கிட்டப் பேசி முடிச்சிடறேன். புல்டோசர் வந்து உன் பாய்லர் மேல ஏறட்டும்."

"ஏறட்டுமே. அசல் என்கிட்ட இருக்குன்னு நினைச்சு நினைச்சு நீ தூங்காம இருப்பேல்ல? எனக்கு அது போதும்."

"உனக்குப் போதும். அண்ணிக்கு?"

"அவளைப் பத்தி நீ பேசாதே."

இரண்டு பேரும் அவளைப் பார்க்கக்கூட இல்லை. இல்லாத ஒரு திருட்டைத் தன் புருஷன் பதக்கம் மாதிரி மார்பில் குத்திக்கொண்டு நிற்பதையும், அதற்கு விலையாகத் தன் மருந்துப் புட்டிகளும் மேஜையும் ஜன்னலும் இடிபடப்போவதையும் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவர் மாத்தலை" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றான் பெரியவன்.

"அவருக்கு அந்த அளவுக்குச் சாமர்த்தியம் இல்ல தம்பி. இது அசல்தான். நான்தான் கறையை எடுக்கறேன்னு வெள்ளை மருந்து வச்சு ஒத்தி எடுத்தேன். காலைல."

"புருஷனைக் காப்பாத்தறீங்களா அண்ணி?"

அவள் கேசட்காரரின் கறுப்புத் துணிக்குள் தன் வலது கையை நுழைத்தாள். "டார்ச்சைப் போட்டுப் பாருங்க."

அவர் தயங்கிக் குனிந்து பார்த்தார். துணிக்குள்ளிருந்து, "அம்மாடி" என்று கேட்டது. சின்னவனும் தலையை உள்ளே விட்டான். நகக்கண்களிலும் விரல் மடிப்புகளிலும் உள்ளங்கை ரேகைகளிலும் நீலம் எரிந்துகொண்டிருந்தது. எத்தனையோ வருஷத்து மருந்து.

கேசட்காரர் கேசட்டை மறுபடி உள்ளே கொண்டுபோனார். லேபிளின் ஒரு விளிம்பு ஓட்டின் வரப்புக்குள் செருகியிருந்தது. ஓட்டைத் திறந்த நிலையில் அந்த விளிம்பு தெரிந்தது. அவள் மருந்துத் துணி எட்டாத இடம். "இந்த ஓரம் மட்டும் எரியலை" என்றார். "பழைய தாள்தான். அம்மா சொல்றது நிஜம்."

"அப்ப விலை?" என்றான் சின்னவன்.

"விலை இல்ல சார். நான் நம்பறேன். என்கிட்ட வாங்கறவன் நம்ப மாட்டான். அவன் கையிலயும் இதே டார்ச் இருக்கும். அவன்கிட்ட நான் அம்மாவோட கையைக் கொண்டுபோய்க் காட்ட முடியுமா?"

"கறையோட இருந்திருந்தா?" என்றாள் அவள். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கொஞ்சம் குறைச்சிருப்பேன். கொஞ்சம்தான்."

முதலில் சிரித்தது பெரியவன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "என் பொண்டாட்டி கைராசியைப் பாருடா! ஊரெல்லாம் தேடி வருது. உனக்கும் சேர்த்துக் காட்டிட்டா."

"சிரி. உனக்குப் பொய்யைக்கூட ஒழுங்கா வச்சுக்கத் துப்பு இல்ல" என்றான் சின்னவன். தன் பங்கை விட்டுத்தருவதாக எழுதிச் சட்டைப்பையில் வைத்திருந்த பத்திரத்தை எடுத்துக் கிழிக்கப் போனான்.

தார்க் கறையைத் தண்ணீர் தொடாது, சோப்பும் தொடாது. அதன்மேல் இன்னும் கொஞ்சம் எண்ணெயைத் தடவினால்தான் அது இளகும். அவள் கேசட்டை எடுத்து ஓட்டை மூடினாள். பொறுமையாக ஆணியைத் திருகினாள். பிறகு முந்தின நாள் பார்த்த ஒரு வேலையைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசினாள்.

"விடுங்க தம்பி. ஒண்ணுக்கும் ஆகாத சாமான். உங்களுக்கு எதுக்கு? உங்க அண்ணனே வச்சுக்கட்டும். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கல்லாவுக்கு மேல மாட்டிடறேன். கடை போனா, நாங்க போற வீட்டுல மாட்டறேன். வர்றவங்ககிட்டயெல்லாம், இது என் தம்பிக்குக் கிடைக்காததுன்னு சொல்லிக்கிட்டு இருப்பார். அவருக்கும் பொழுது போகணும்ல."

"அடடா" என்றான் பெரியவன். அவன் கண்கள் மின்னின. "பக்கத்துல ஒரு விளக்கும் போடு. இவன் போட்டோ இருந்தா கீழே அதையும் ஒட்டு."

சின்னவனின் விரல்கள் பத்திரத்தின் மேல் நின்றுவிட்டன. "அதை இங்கே கொடுங்க அண்ணி."

"எதுக்கு? விலைதான் இல்லைன்னு சொல்லிட்டாரே."

"விலை கெடக்கட்டும். அது இவன் கையில இருக்கக் கூடாது."

"பேசினது பேசினதுதான் தம்பி. கையெழுத்துப் போட்டா உங்களுது."

"ஏய், கொடுக்காதே!" பெரியவனின் சிரிப்பு அப்படியே நின்றது. மேஜையைச் சுற்றி வந்தான். அவள் கேசட்டை மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு கேசட்காரரின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள். கேசட்காரர் டீ டம்ளரோடு நடுவில் மாட்டிக்கொண்டார்.

"யோசிடா" என்று கத்தினான் பெரியவன். "ஒரு பிளாஸ்டிக் துண்டுக்காகப் பாதிக் கட்டடத்தை விடறியே, உனக்குப் பைத்தியமா?"

"உன் வயிறு எரியறது கேக்குதுடா. அதுக்கே கொடுக்கலாம்."

சின்னவன் குனிந்து, மேஜையில் சிந்தியிருந்த டீயைச் சட்டைக்கையால் துடைத்துவிட்டு, தாளுக்குத் தாள் கையெழுத்துப் போட்டான். பேனா முனை தாளைக் கிழித்துவிடும்போல் அழுத்திப் போட்டான்.

"சாட்சிக்கு?" என்றாள் கறைக்காரி.

"நான் கேசட் பார்க்க வந்த ஆளும்மா" என்றார் கேசட்காரர்.

"பேனா பிடிக்க வரும்ல?"

அவரும் போட்டார். அவள் பத்திரத்தை மடித்து உள்ளே வைத்த பிறகுதான் கேசட்டை வெளியே எடுத்தாள். பெரியவன் எட்டிப் பிடிக்கப் போனான். அதற்குள் அது கை மாறிவிட்டது.

சின்னவன் வாசலில் நின்று குடையை விரித்தான். "எங்க கம்பெனி பார்க்கற லிஃப்ட் எத்தனையோ ஊர்ல ஓடுது. அதுல ஒரு லிஃப்ட் குழிக்குள்ள இதைப் போடப்போறேன். எதுன்னு சொல்ல மாட்டேன். இப்ப நீ தேடு." பிறகு அவளைப் பார்த்தான். "அண்ணி, நீங்க எங்க ரெண்டு பேரையும்விட மோசம்." அதைக் கிட்டத்தட்ட மரியாதையாகவே சொன்னான்.

மழைக்குள் அவர்கள் போனார்கள். பெரியவன் வாசலிலேயே நின்றான். தெரு காலியான பிறகும் நின்றான். அவள் டீ டம்ளர்களைக் கழுவி, மிச்சமிருந்த பிஸ்கட்டுகளை டப்பாவில் போட்டாள்.

"நீதானே கொடுத்தே" என்றான் உள்ளே வந்து.

"ஆமா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டியா?"

"கேட்டிருந்தா கொடுத்திருப்பீங்களா?"

"இந்தக் கடையே தரைமட்டமாப் போனாலும் கொடுத்திருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் கேக்கலை."

அவன் அவளை உற்றுப்பார்த்தான். இத்தனை வருஷம் தம்பி ஒருவனுக்கென்று சேர்த்து வைத்திருந்த பார்வை அது. இப்போது போக்கிடம் இல்லாமல் அவள்மேல் வந்து உட்கார்ந்தது. அது அங்கேயேதான் இருக்கப்போகிறது என்பதும் அவளுக்குப் புரிந்தது.

"இனிமே உனக்கும் எனக்கும் பேச்சு இல்ல" என்றான்.

"சரி. ஓட்டல் விரிப்பு சாயங்காலம் போகணும். அதைத் தேய்ச்சுக் கொடுத்துட்டுப் பேசாம இருங்க."

அவன் இஸ்திரி மேஜைக்குப் போனான். முதல் விரிப்பை இழுத்து விரித்து, பெட்டியை ஓங்கி இறக்கினான். ஆவி சீறிக்கொண்டு கூரைவரை எழும்பியது. கோபம் வந்துவிட்டால் அவன் கை தப்பவே தப்பாது. ஒரு சுருக்கம் நிற்கவில்லை, ஒரு மடிப்பு கோணவில்லை. விளிம்போடு விளிம்பு கத்தியால் வெட்டினாற்போல் வந்து உட்கார்ந்தது. அப்படி ஒரு தேய்ப்பை அந்தக் கடை பார்த்ததே இல்லை. இந்தக் கோபம் எத்தனை வருஷத்துக்குத் தாங்கும் என்று மனசுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே, அவள் ஒவ்வொன்றையும் சூடு ஆறுவதற்குள் வாங்கி அடுக்கினாள்.